அக்கறையை உலையில் போட்டால்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மிச்ச வணக்கம் பிறகு. மணிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கர்ப்பிணித் தாயைத் தேற்றுவது அரசின் உதவியா, வீட்டாரின் அக்கறையா? நான் அக்கறைக் கட்சி. எதிரணித் தங்கச்சி இப்போதுதான் கேட்டுக் கைதட்டு வாங்கிப் போனார்: "அக்கறையை உலையில் போட்டால் ஒரு சுண்டு சோறு வருமா?" வராது தங்கச்சி. ஆனால் வந்த சோறு யாருடைய கோப்பைக்குப் போகிறது?

புதுக்குடியிருப்பில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண்பிள்ளைக்கு ஆறாம் மாதம். கிளினிக்கில் திரிபோஷ, அதுதான் அரசு தரும் சத்துமா, இரண்டு பைக்கற் கொடுத்தார்கள். ஒன்று 750 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராம்படி மாதம் முழுக்க ஒரு தாய்க்குக் காணும். குடும்பநல மிஸ்ஸும் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்.

அவள் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துப் பன்னிரண்டு உருண்டை பிடித்தாள். "என்ன பிள்ளை மணக்குது?" முற்றத்தில் மாமனார். இரண்டு போயிற்று. மூத்ததுகள் இரண்டும் பள்ளிக்கூடத்தால் வந்தன: நான்கு. புருசன் வயலால் வந்தான். "பிள்ளைத்தாய்ச்சிச் சாமான், எனக்கு வேண்டாம்." பண்பான மனுசன். வேண்டாம், வேண்டாம் என்றே மூன்று! மாமியாருக்குச் சீனி வருத்தம். அதனால் இரண்டோடு நிறுத்திவிட்டார். மிஞ்சியது ஒன்று. அதைக் கையில் எடுக்க, படலையில் மச்சாள்!

அவள் சட்டியை வழித்தாள். அடுத்த கிளினிக்கில் நிறை ஏறவில்லை. "திரிபோஷ சாப்பிடுறியா?" என்று மிஸ் கேட்க, "முடிஞ்சுது மிஸ்" என்றாள். பொய்யா அது? முன்வரிசை மாமிமாரே, சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டு உருண்டைக் கணக்கும் எனக்குத் தெரியும்.

2015இல் மாதம் 2,000 ரூபாய்ப்படி 10 மாதத்துக்குப் போசாக்கு வவுச்சரும் வந்தது. மறுக்கவில்லை. அதில் வாங்கிய பருப்பும் அதே அடுப்பில்தான் வெந்தது. கடைசிக் கோப்பை அவளுடையதுதான்.

சரி, இதற்கு மேல் என்னிடம் வாதம் இல்லை. 2009, போரில் இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாம். என் அக்காவுக்கு ஏழாம் மாதம். தறப்பாள் கொட்டிலுக்குள் இருக்க ஏலாத வெக்கை. தண்ணீர் வரிசையில் தள்ளாடி நின்றவளை, முன்பின் தெரியாத ஓர் அம்மா நிழலில் இருத்திவிட்டு, தன் வாளியோடு அக்காவின் வாளியையும் காலால் நகர்த்தி நகர்த்திப் போனாராம். பின்னேரம் பேணியில் பருப்புத் தண்ணி கொண்டுவந்தார். "நான் சாப்பிட்டிட்டன், நீ குடி பிள்ளை." அவர் சாப்பிடவில்லை என்று வாய் காய்ந்திருந்ததிலேயே தெரிந்ததாம். அக்கா குடித்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை, என்ன செய்வாள்?

இரண்டு நாள் கழித்துப் பேணியைக் கொடுக்கப் போனாள். அந்தக் கொட்டிலில் வேறு ஆட்கள். பெயரும் கேட்டு வைக்கவில்லை. பேணி இன்னும் அக்கா வீட்டு அடுப்படியில் இருக்கிறது, ஐயா. விளிம்பில் ஒரு நெளிவு.

மணியை அடியுங்கள்.