உருமாறிய பாறை என்றால் உருகிய பாறையா?

அடுத்த கேள்வி. "பல்லாவரம் மலைக் கருங்கல் எரிமலைக் குழம்பு இறுகி வந்ததா? அதை உருமாறிய பாறை என்கிறார்களே, அப்படியென்றால் உருகி மறுபடியும் இறுகியதா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இரண்டுக்கும் பதில், இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே வந்தால் சீக்கிரம் ஆறிவிடும். படிகங்கள் வளர நேரம் கிடைக்காது. அஜந்தா குகைகளைக் குடைந்திருக்கிறார்களே, அந்தப் பசால்ட் பாறை அப்படிப்பட்டது. பல்லாவரத்துக் கல்லில், உடைத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் படிகங்கள் கண்ணுக்கே தெரியும். அதன் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்த வகைதான். அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் வைத்த பெயர் இது.

சரி, உருகாமல் எப்படி மாறும்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறை 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருந்தது. அங்கே வெப்பம் 700 டிகிரியைத் தாண்டும், மேலே இருக்கும் பாறையின் அழுத்தம் வேறு. அந்த நிலையில் பாறை திடமாகவே இருக்கும்; உள்ளே இருக்கும் அணுக்கள் மட்டும் மெல்ல இடம் மாறிப் புதிய கனிமங்களாகச் சேரும். கருப்பு மைக்கா, ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களின் கட்டமைப்பிலேயே நீர் இருக்கிறது. அது வெளியேறியதும் ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரில்லாத கனிமம் உருவாகிறது. சார்னோக்கைட்டின் அடையாளமே அதுதான். நீர் குறைந்த பாறை அவ்வளவு சுலபமாக உருகாது, இதையும் நினைவில் வையுங்கள்.

இந்த மாற்றத்தை நேரில் பார்க்க விரும்பினால் சுண்ணாம்புக்கல்லைத்தான் நான் சொல்வேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் அப்படியே பதிந்திருக்கும், ஏனென்றால் அது டைனோசர் காலத்துக் கடலடிப் படிவு. திருநெல்வேலி தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைக்குத்தான் போகிறது, ஆனால் அதில் சிப்பியைத் தேடினால் கிடைக்காது. பூமிக்குள் ஆழத்தில் வெந்து முழுக்கப் படிகமாக மாறிய கல் அது. உடைத்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி மினுமினுக்கும். வேதிப்பொருள் இரண்டிலும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான்.

அப்புறம், தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று பள்ளியில் ஒரு வட்டம் வரைந்து காட்டுவார்கள். அந்த வரிசையில்தான் எல்லாப் பாறையும் சுற்றும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல்லாவரத்துப் பாறை மறுபடி உருகவே இல்லை. நிலம் உயர்ந்து, மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போனதால் வெளியே தெரிகிறது. இப்போது மழையில் அதிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் என்ற கனிமம் மணலாக உதிர்ந்து கடலுக்குப் போகிறது. அந்த மணல் புதைந்து இறுகினால் நேரே மணற்கல்தான்.

போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. பல்லாவரத்துப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், அங்கே சுத்தியல் எடுக்காதீர்கள். கல்லறுக்கும் பட்டறையில் கேட்டால் உடைந்த துண்டு கொடுப்பார்கள். ஈரமாக்கி வெயிலில் திருப்பிப் பாருங்கள், படிகங்கள் நன்றாகத் தெரியும்.