டல்ஹவுசியின் மார்க்வெஸ் பட்டம் இப்போது யாரிடம்?

அடுத்த கேள்வி. "வாரிசு இல்லன்னு சொல்லி சமஸ்தானங்களைப் பிடுங்கின கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கே ஆண் வாரிசு இல்லையாமே? அவர் பட்டம் என்ன ஆச்சு?"

உண்மைதாங்க. ஆனா அவருக்கு இருந்தது ரெண்டு பிரிட்டிஷ் பிரபுப் பட்டம். இங்கதான் பல பேர் குழம்பிடுறாங்க. ஒண்ணு ஏர்ல். ஸ்காட்லாந்துல 1633-ல அவரோட முன்னோர் ஒருத்தருக்குக் கொடுத்தது. இவர் அந்த வரிசையில 10-வது ஆள். இன்னொண்ணு அதுக்கு ஒரு படி மேல, மார்க்வெஸ். 1849-ல பஞ்சாபைப் பிடிச்சதுக்காகக் கிடைச்சது. பட்டத்தோட முழுப்பேர்லயே பஞ்சாப் இருக்கும்!

இதெல்லாம் பத்திரம் மாதிரிதான். முதல்ல யார் பேருக்கு எழுதினாங்களோ, அவர் வழியில வந்த ஆண்களுக்குத்தான் போகும். டல்ஹவுசிக்கு சூசன், ஈடித்னு ரெண்டு பொண்ணுங்க. 1860 டிசம்பர்ல அவர் இறந்தாரு. மார்க்வெஸ் பட்டம் அவர் பேருக்கே எழுதினது, அதனால அவரோடயே போயிடுச்சு. 11 வருஷம், ஒரே ஆள், அவ்வளவுதான். ஏர்ல் பட்டம் பழைய முன்னோர் பேர்ல இருந்ததால, சித்தப்பா மகன் ஃபாக்ஸ் மாலுக்குப் போச்சு. அது இன்னைக்கும் இருக்கு.

தத்து எடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க. பிரிட்டன்ல தத்துப்பிள்ளைக்குப் பட்டம் போகாது. இங்கேயும், சொந்தச் சொத்துக்குத் தத்து செல்லும், ராஜ்யத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி சம்மதம் வேணும்ங்கிறதுதான் அவர் வாதம்.

கர்மா திருப்பி அடிச்சதுன்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. அவர் குடும்பம் இழந்தது ஒரு பேரு மட்டும். அம்மா வழியில வந்த கோல்ஸ்டன் எஸ்டேட் மூத்த பொண்ணு சூசனுக்கே கிடைச்சுது. தஞ்சாவூர்ல நடந்ததைப் பாருங்க. 1855-ல ரெண்டாம் சிவாஜி ராஜா இறந்தப்ப அவருக்கும் பையன் இல்ல, பொண்ணுங்கதான். ராஜா பட்டத்தை நிறுத்தினதோட விட்டாங்களா? கம்பெனி ஆளுங்க அரண்மனைக்குள்ள வந்து குடும்பத்தோட சொந்தச் சொத்துக்கும் சேர்த்து சீல் வச்சுட்டாங்க. மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கல, கேஸ் போட்டாங்க. மதராஸ் சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சும் காட்டினாங்க. 1859-ல அப்பீலைக் கேட்ட மேல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிடுச்சு: இது அரசு செஞ்ச காரியம், கோர்ட் தலையிட முடியாதுன்னு. 1862-ல அரசாங்கமே மனசு மாறி சொந்தச் சொத்தைத் திருப்பிக் கொடுத்துச்சு. ராஜா பட்டம் மட்டும் திரும்பி வரல.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.