புதிய வரவு: பலமா, பாரமா?

நடுவர் அவர்களே, என்னைப் பார்த்து இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘கால்பந்து அணிக்குப் புதிய வரவு பலமா, பாரமா?’ பாரமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய தோழர், மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த கோலடி வீரர் ஹாலண்ட் பெயரைச் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். 36 கோல்! இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஒரே சீசனில் அதுவரை யாரும் அடிக்காத எண்ணிக்கை. ஆனால் தோழர் பாதிக் கணக்கோடு உட்கார்ந்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

ஹாலண்ட் வருவதற்கு முந்தைய 2021-22 சீசனில் மான்செஸ்டர் சிட்டி லீக்கில் அடித்தது 99 கோல், எதிரணிகளிடம் வாங்கியது 26. அவர் வந்த சீசனில் அடித்தது 94, வாங்கியது 33. புள்ளிகள் 93-லிருந்து 89-க்கு இறங்கின. ஐயா, ஒரே ஆள் 36 கோல் கொண்டுவந்த வீட்டில் மொத்தக் கணக்கு ஐந்து குறைகிறது என்றால், அந்த 36-ல் பெரும்பகுதி மற்றவர்கள் அடித்துக்கொண்டிருந்த கோல்கள்தானே?

‘அந்த ஆண்டுதானே மூன்று கோப்பை வந்தது?’ என்று நடுவர் புருவத்தை உயர்த்துகிறார். வந்தது. எப்படி வந்தது என்று பாருங்கள். ஹாலண்ட் எதிரணியின் கோல் வாசலை விட்டு அதிகம் இறங்கிவருகிறவர் இல்லை. முன்பு முன்வரிசையிலிருந்து நடுக்களத்துக்கு இறங்கிவந்து பந்து வாங்கிக் கொடுத்த அந்தக் கூடுதல் ஆள் காணாமல் போனார். அந்த ஓட்டையை அடைக்க, மேலாளர் குவார்டியோலா தடுப்பில் நின்ற ஸ்டோன்ஸை நடுக்களத்துக்கு ஏற்றினார். அவர் ஏறிப்போவதால் பின்னால் ஆபத்து. அதற்காக, ஓரத்தில் ஏறி ஓடும் ஃபுல்பேக் என்ற ஓரத் தடுப்பாட்டக்காரர்களை விட்டுவிட்டு, ஆகே, அகாஞ்சி போன்ற சென்டர்பேக்குகளையே, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களையே, ஓரங்களிலும் நிறுத்தினார். வந்தது ஒரே ஒருவர், இடம் மாறியது பாதி அணி! அதைச் சரிக்கட்ட ஒரு குவார்டியோலா இருந்தார். எல்லா வீட்டிலும் இருக்கிறாரா?

இல்லாத வீட்டில் என்ன நடக்கும்? முன்னால் நிற்பவர் எதிரணியின் தடுப்பாட்டக்காரரைத் துரத்தவில்லை என்று வையுங்கள். டிவியில் பார்க்கிற நமக்கு அது சின்ன விஷயம். ஆனால் அந்தத் தடுப்பாட்டக்காரர் இப்போது தலையைத் தூக்கிப் பார்க்கிறார். யாருக்குப் பந்து அனுப்பலாம் என்று நிதானமாக யோசிக்கிறார். அதைத் தடுக்க நம் நடுக்கள வீரர் முன்னே ஓடியாக வேண்டும். ஓடினால் அவருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம். அதை மூட சென்டர்பேக் முன்னே வருகிறார். அவர் விட்ட இடத்துக்கு ஃபுல்பேக் உள்ளே நகர்கிறார். இப்போது ஓரம் காலி. பந்து அங்கே போகிறது, ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் வருகிறது, கோல். நாளை பத்திரிகையில் யாரைத் திட்டுவார்கள்? ஃபுல்பேக்கை! பாவம், சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர். அறுந்தது முதல் கண்ணி.

கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020-21-ல் மான்செஸ்டர் யுனைடெட் இரண்டாம் இடம், 74 புள்ளி, அடித்தது 73, வாங்கியது 44. அடுத்த சீசனுக்கு கிறிஸ்டியானோ ரொனால்டோ வந்தார். வரான், சாஞ்சோவும் வந்தார்கள். ரொனால்டோ லீக்கில் 18 கோல் அடித்தார், குறைசொல்ல முடியுமா? அணி? ஆறாம் இடம், 58 புள்ளி. அடித்தது 57, வாங்கியதும் 57. சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0-5. நவம்பரில் மேலாளர் சோல்ஷயரின் வேலையே போனது. எல்லாப் பழியையும் ரொனால்டோ தலையில் கட்டுவது நியாயமில்லைதான். ஆனாலும் அவரைச் சுற்றி மற்ற பத்துப் பேரும் எப்படி நிற்பது, யார் அவருக்காகச் சேர்த்து ஓடுவது என்ற கேள்விக்கு அந்த சீசன் முடியும்வரை பதில் கிடைக்கவில்லை.

எல்லோரும் பல்லக்கு ஏறினால் பல்லக்கைத் தூக்குவது யார்? ரியால் மாட்ரிட்டை இந்தக் கேள்வி கேட்க வேண்டும். 2003-ல் ஸ்பெயின் லீக் சாம்பியன். ஜிடான், ஃபிகோ, பிரேசில் ரொனால்டோ என்று பல்லக்கு ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அதில் பெக்காமையும் ஏற்றினார்கள். வலதுபக்கம் ஃபிகோ இருப்பதால் பெக்காமை நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. சரி, தூக்கிக்கொண்டிருந்த மக்கெலேலே? பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பந்தைப் பறிக்கப் போகிற மனிதர். அதே கோடையில் அவரை இங்கிலாந்தின் செல்சீக்கு விற்றார்கள். அந்த 2003-04 சீசனின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களிலும் ரியால் தோற்றது. நான்காம் இடம்.

தடுப்பாட்டக்காரர் வான் டைக் வந்து லிவர்பூலை நிமிர்த்தினாரே என்று அடுத்து வரும் தோழர் கேட்பார். கேளுங்கள், ஒத்துக்கொள்கிறேன். 7.5 கோடி பவுண்டும் தகும். ஆனால் அவர் வந்தது காலியாகக் கிடந்த இடத்துக்கு. யாரையும் இடம் மாறச் சொல்லாத வரவு அது. அதே 2018 ஜனவரியில் லிவர்பூல் கூட்டின்யோவை பார்சிலோனாவுக்கு விற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நட்சத்திரம் போன பிறகுதான் அந்த அணி ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்குப் போனது. இடம் பார்த்து ஆள் எடுத்தவர்கள் பிழைத்தார்கள். ஆளைப் பார்த்து மயங்கியவர்கள்? என்சோ ஃபெர்னாண்டஸ் ஒருவருக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல் கொட்டிய செல்சீ, அந்த 2022-23 சீசனில் 12-ஆம் இடம்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். பிரேசில் ரொனால்டோ வந்ததால் ரியாலில் இடமிழந்தவர் மோரியன்டஸ். அவரை மொனாக்கோ அணிக்கு இரவல் கொடுத்தார்கள். 2004 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரியாலுக்கு எதிரே வந்து நின்றது அதே மொனாக்கோ. முதல் ஆட்டத்திலும் மோரியன்டஸ் கோல், இரண்டாவது ஆட்டத்திலும் மோரியன்டஸ் கோல். ரியால் வெளியே.

எதிரணித் தோழர் துள்ளிக் குதிக்கிறார்: ‘மொனாக்கோவுக்கு அவரும் புதிய வரவுதானே?’

நல்ல கேள்விதான். எனக்குத்தான் நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்!