மக்காச்சோளக் குருத்துக்குள் எட்டிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். மக்காச்சோளம் விதைத்திருக்கும் விவசாயிகளிடம் இன்று படைப்புழுவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். 2018-இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட இந்தப் புழு, அதே வருடம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மானாவாரி மக்காச்சோளத்தை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும்.

எந்த மருந்து அடிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வயலுக்குள் இறங்கிப் பார்த்து எத்தனை நாளாச்சு என்று நான் கேட்பேன். இலை ஓட்டை வரப்பிலிருந்தே தெரிகிறதா? அப்படியென்றால் புழு பெரிதாகிக் குருத்துக்குள் போய்விட்டது. மேலே மரத்தூள் மாதிரி எச்சம் அடைத்திருக்கும். மருந்து உள்ளே இறங்காது. அதோடு, தன் ஆயுளில் தின்பதில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்தில்தான் அது தின்கிறது.

அதனால் முளைத்த முதல் வாரத்திலிருந்தே, வாரம் இரண்டு முறை காலையில் உள்ளே நடங்கள். ஓரத்தை விட்டுவிட்டு, வயலின் ஐந்து இடங்களில் இடத்துக்கு 20 செடி பாருங்கள். மொத்தம் 100 செடி, கணக்கு சுலபம். இலையில் பஞ்சு போர்த்தியது போல முட்டைக் குவியல் இருந்தால் அங்கேயே நசுக்கிவிடுங்கள். விட்டால் இரண்டு மூன்று நாளில் பொரித்துவிடும். குஞ்சுப் புழு பச்சையத்தைச் சுரண்டுவதால் இலையில் வெள்ளைத் திட்டு விழும். கண்ணில் பட வேண்டியது இந்தத் திட்டுதான். புழு படைப்புழுதானா என்று சந்தேகமா? தலையில் தலைகீழான ஒய் எழுத்து மாதிரி கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருக்கும்.

இளம்பயிரில் 100-க்கு 5 செடியில் திட்டு தெரிந்தாலே, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் அசாடிராக்டின் என்ற வேப்ப மருந்தை (புட்டியில் 1500 பிபிஎம் என்று வீரியம் போட்டிருக்கும்) குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடியுங்கள்.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியை ஏக்கருக்கு ஐந்து வையுங்கள். ஆனால் அதில் விழுவது, இந்தப் புழு வளர்ந்து மாறுகிற அந்துப்பூச்சியில் ஆண் மட்டும். பூச்சி வந்துவிட்டது என்று அது சொல்லும். எத்தனை செடியில் புழு இருக்கிறது என்பதை நடந்துதான் பார்க்க வேண்டும்.

அப்புறம், புழு செத்து விறைத்து, மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூசணம் பூத்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அந்தப் பூசணம் மற்ற புழுக்களுக்கும் பரவி அவற்றையும் கொல்லும்.

பூ வந்தபின் புழு கதிருக்குப் போய்விடும்; அதனால் குருத்தை விட்டுவிட்டு, கதிரின் நுனியைப் பிரித்துப் பாருங்கள். நன்றி.