பெரியப்பா புதைச்ச கோவணமும் நம்ம மண்வள அட்டையும்

மேடையில இருக்கிற ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அடுத்த ஊர் கூட்டத்தை விட்டுட்டு இங்க வந்திருக்கிற வேளாண் அலுவலர் ஐயா அவர்களே, எனக்கு சால்வை போட்ட உழவர் குழு அண்ணன்மாரே (பாலியஸ்டர் சால்வைண்ணே, பருத்தித் துண்டா இருந்தா இன்னிக்கு பேசுற விஷயத்துக்கே ஆகியிருக்கும்), மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

பூஞ்சாண மருந்து, களைக்கொல்லி, மண்ணைப் பரிசோதிச்சு அரசாங்கம் குடுக்குற மண்வள அட்டைன்னு மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். எங்க பேசினாலும் நான் சொல்றது தெரியும்ல? அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு. காட்டுக்குன்னு விட்ட அந்த அடிக்கட்டையைத் தின்னு எருவாக்குறது மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்கதான்.

கடலை விதைக்கும்போது என்ன பண்றோம், கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டாசிம்ங்கிற பூஞ்சாணக்கொல்லியைப் போட்டுக் கலக்குறோம், அந்தக் கையோட வேளாண் டிப்போவுல வாங்கின, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்குற டிரைக்கோடெர்மா பாக்கெட்டையும் பிரிச்சு அதுலயே கொட்டுறோம். டிரைக்கோடெர்மாவே ஒரு நல்ல பூஞ்சாணம்ங்க! பூஞ்சாணக்கொல்லிக்கு நல்லது எது கெட்டது எதுன்னு தெரியுமா? காசு போச்சு. வேர் முடிச்சுல இருந்து தழைச்சத்து புடிச்சுக் குடுக்குற ரைசோபியம் நுண்ணுயிரையும் மருந்து போட்ட மறுநாள்தான் ஆறின கஞ்சியில கலந்து தடவணும். பூ எடுக்குற நேரத்துல ஒரு செடியைப் புடுங்கி வேர் முடிச்சை நகத்தால கீறிப் பாருங்க, உள்ள சிவப்பா இருந்தா தழைச்சத்து புடிக்குது, வெளுத்தோ பச்சையாவோ இருந்தா சும்மா ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்ளோதான்.

எங்க பெரியப்பா ஒரு வேலை பண்ணாரு. புதுப் பருத்திக் கோவணம் ரெண்டு வாங்கி, ஒண்ணை எங்க காட்டுல புதைச்சாரு, இன்னொண்ணை பங்காளி காட்டுல, அங்க வாராவாரம் மருந்து டேங்க் தோள்ல ஏறும், தாளையும் கொளுத்திடுவாங்க. பெரியம்மா புதுத் துணியை மண்ணுல போடுற மனுசன் உண்டான்னு ஊரைக் கூட்டிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டுறப்ப அரை ஊரு வரப்புல நிக்குது. எங்க காட்டுல பருத்தியை நுண்ணுயிருங்க தின்னுட்டு நாலு நூலும் ஓர மடிப்பும்தான் மிச்சம். பங்காளி காட்டுல இருந்து முழுசா வந்ததை உதறி, இந்தாப்பா, அலசிக் கட்டிக்கோன்னு பங்காளிகிட்டயே நீட்டினாரு பாருங்க, சிரிப்பு அடங்கவே இல்ல! மருந்து மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல, தாளைக் கொளுத்தினா நுண்ணுயிர் எதைத் திங்கும்? அடி காட்டுக்குப் போகலையே. சுவிட்சர்லாந்துல 2021ல இதே மாதிரி 2000 ஜட்டியைப் புதைச்சு விஞ்ஞானிங்களே ஆராய்ச்சி பண்ணாங்க, பெரியப்பாவுக்கு யார் சொன்னாங்களோ தெரியல.

இப்ப என் கோரிக்கைக்கு வரேன், அலுவலர் ஐயா கோவிச்சுக்கக் கூடாது. 2015ல வந்த மண்வள அட்டையில 12 அளவு இருக்கு, தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், போரான், கார அமிலத் தன்மை, அங்கக கரிமம் வரைக்கும் இருக்கு, நுண்ணுயிர் உசுரோட இருக்கான்னு பாக்க ஒரு கட்டம் இல்ல. மண்ணு விடுற கரியமில வாயுவை அளந்தாலே உள்ள வேலை நடக்குதான்னு தெரிஞ்சிடும், அந்த 13வது கட்டத்தைத்தான் நாங்க கேக்குறோம். அடி காட்டுக்குன்னு சொன்னா மட்டும் போதுமா, காடு அதைத் தின்னுச்சான்னு யாராவது பாக்கணும்ல?

களைக்கொல்லி பத்தி இன்னொரு நாள், தலைவர் அம்மா வாட்சைப் பாக்குறாங்க. மனு நோட்டு கடைசி வரிசையில இருந்து வருது, பேரும் சர்வே நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு முன்னாடி தள்ளுங்க, வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல குடுக்குறோம்.