பாரதியும் பிடிஎஃப் தம்பியும்

வணக்கம். மேடைக்கு வருகிற வழியில் ஒரு தம்பி என்னை நிறுத்தி, "சார், உங்க நாவலைப் படிச்சேன், அருமை" என்றார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "குரூப்ல பிடிஎஃப் வந்துச்சு சார்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பொய் சொல்வானேன், எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, ஒருத்தர் கடைசிப் பக்கம் வரை போயிருக்கிறாரே என்று. கணக்குப் போட்டபோதுதான் கோபம் வந்தது. புத்தகம் 300 ரூபாய், ராயல்டி 10 சதவீதம், ஆக ஒரு பிரதிக்கு எனக்கு 30 ரூபாய். அச்சடித்தது 500 பிரதி. மூன்று வருட உழைப்புக்கு, அத்தனையும் விற்றால்கூட 15,000.

இப்படிப் பேச ஆரம்பித்தால் யாராவது பாரதியை இழுத்து வருவார்கள். பாரதியைப் பொதுவில் வைத்தோமே, உன்னை வைத்தால் என்ன?

சரி, அந்தக் கதையையே பார்ப்போம். பாரதியின் நூல் உரிமை அவர் தம்பி விசுவநாதனிடம் இருந்தது. இசைத்தட்டு உரிமை கைமாறிக் கைமாறி படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பனிடம் போய்ச் சேர்ந்தது. நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாரதி பாட்டை எடுத்துக்கொண்டதும் தகராறு வெடித்தது. பாரதி பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று ஊரே கொதித்தது, எழுத்தாளர்கள் மேடை போட்டுப் பேசினார்கள், கடைசியில் மெய்யப்பன் தன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கியது. வாங்கியது என்கிறேன், கவனியுங்கள். செல்லம்மாவுக்கும் மகள்களுக்கும் தம்பிக்கும் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ பேரை நாட்டுடைமை ஆக்கியபோதும் குடும்பத்துக்குப் பரிவுத்தொகை என்று ஒன்று உண்டு. ராத்திரி ஸ்கேன் எடுத்து விடிகாலையில் குரூப்பில் தள்ளிவிடுகிறவர் பாரதி பெயரைச் சொல்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

சும்மா படிக்க வேண்டுமா, வழி இருக்கிறது. நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஓடிவிட்டால் அந்த எழுத்து எல்லோருக்கும் சொந்தம். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் 1998-லிருந்து சங்க இலக்கியம் தொடங்கி எவ்வளவோ நூல்களை வலையேற்றி வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது, மெய்ப்புப் பார்த்தது. புதுமைப்பித்தனை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போடலாம். உயிரோடு இருக்கிறவனைப் போடுவதற்குமுன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள், சிலர் சம்மதிக்கவும் செய்வார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் அந்தத் தம்பி தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. எழுத்தாளனைப் பிடிஎஃப் மட்டுமா ஏமாற்றுகிறது? எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது என்று வருடத்துக்கு ஒருமுறை தாளில் எழுதித் தருகிற பதிப்பாளர் எத்தனை பேர், இங்கே உட்கார்ந்திருக்கிற எழுத்தாளர்கள் கைதூக்குங்கள் பார்ப்போம். சிரிக்கிறீர்கள். இன்னொன்று, கடையில் கிடைக்கிற புத்தகத்தைத் திருடுவதும் எங்குமே கிடைக்காத புத்தகத்தை ஸ்கேன் செய்து காப்பாற்றுவதும் சட்டத்துக்கு ஒன்றாக இருக்கலாம், எனக்கு ஒன்றில்லை.

என் முதல் சிறுகதைத் தொகுப்பு பதினைந்து வருடமாக அச்சில் இல்லை. என்னிடமிருந்த ஒரே பிரதியும் வெள்ளத்தில் போய்விட்டது. தம்பி, பின்வரிசையில்தானே இருக்கிறீர்கள்? உங்கள் குரூப்பில் அது இருந்தால் எனக்கும் ஒன்று அனுப்பிவையுங்கள்.