கிளைபோர்ன் பார்க்: ஒரே வீடு, இரண்டு பேரம்

புரூஸ் நோரிஸின் ‘கிளைபோர்ன் பார்க்’ 2010-இல் மேடையேறி, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நகைச்சுவை நாடகம். அதை எடுத்துச் செய்கிற குழு முதலில், கதை நடக்கும் சிகாகோவின் பழைய வீட்டுப் பத்திரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பருக்கு விற்க மாட்டோம், வாடகைக்கும் விட மாட்டோம் என்று வெள்ளையர் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்துவைத்த ஊர் அது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் சொன்னது.

முதல் அங்கம் நடப்பது 1959-இல். வெள்ளையர் தெருவில் ஒரு வீடு கறுப்புக் குடும்பத்துக்கு விலை பேசி முடிந்துவிட்டது. அக்கம்பக்கத்து வெள்ளையர் சார்பில் தடுக்க வருகிறார் கார்ல் லிண்ட்னர். அந்த வீட்டை வாங்கும் கறுப்புக் குடும்பத்தின் கதையைச் சொல்லும், லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்திலிருந்து நோரிஸ் கடன் வாங்கிய பாத்திரம். சட்டம் கைவிட்டுவிட்டது, இனி வாயை நம்பித்தான் அவர் பிழைக்க வேண்டும். அதனால்தான் அத்தனை பணிவு! வீட்டு வேலை செய்யும் கறுப்புப் பெண்ணிடம், பனிச்சறுக்கு விளையாடுவதுண்டா என்று கேட்டு, இரு இனத்தாரின் பழக்கமும் வேறு வேறு என்று அதையே வாதமாக்குகிறார். நடிகர் இதைக் கிண்டலாகச் சொன்னால் காட்சி படுத்துவிடும். நியாயம் தன் பக்கம் என்று நம்பிச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் அங்கம் 2009, அதே வீடு. இப்போது அது கறுப்பர் பகுதி. வாங்கியிருக்கும் வெள்ளைத் தம்பதி, இடித்துவிட்டு உயரமாகக் கட்டப் பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்கிறார்கள். பேச்செல்லாம் கட்டட உயரத்தைப் பற்றித்தான். இனம் என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஆபாச நகைச்சுவைத் துணுக்குகளில் வெடிக்கிறது. கூசுகிறதே என்று துணுக்குகளை வெட்டினால் அங்கமே நிற்காது.

இரண்டு அங்கங்களிலும் அதே நடிகர்கள்தான். ஒருவர் பேச்சில் இன்னொருவர் ஏறிப் பேசும் இடங்கள் நிறைய. சிரிப்புக்காகக் காத்து நின்றால் தாளம் போய்விடும். உட்கார்ந்து வாசிக்கும்போதே அதைப் பழக்கிவிட வேண்டும். இடைவேளைக்குள் மரப்படி இரும்புப்படியாக வேண்டும், குளிர்காயும் கணப்பு செங்கல்லால் அடைபட வேண்டும். சுவர்களை நகர்த்தாமல் மேலே பொருத்திக் கழற்றும் பலகைகளாகச் செய்துகொள்வதே சிறிய குழுவுக்கு உத்தமம்.

பாத்திரத் தேர்வில் சமரசம் கிடையாது. பெர்லினில் ஒரு வெள்ளை நடிகைக்குக் கறுப்பு ஒப்பனை போட்டு நடிக்கவைக்க இருந்தார்கள் என்று தெரிந்ததும் நோரிஸ் 2012-இல் உரிமையையே திரும்பப் பெற்றார். கரி பூசிச் சமாளிக்கலாம் என்று நம் ஊரில் யாராவது எண்ணினால், வேறு நாடகம் பார்த்துக்கொள்வது நல்லது.